அம்மிணியின் பரீட்சை

உக்கடத்தில் எங்கள் அடுத்த வீட்டுப் பெண் தமிழில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஆராய்ச்சியைத் தொடர முதலில் ஒரு பரீட்சை தேற வேண்டுமாம்; நூற்றுக்கு 55 கட்டாயம். அதற்காகக் குறிப்புகளைக் கட்டாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ பற்றி. 1942-ல் கொங்குப் பேச்சைத் துணிந்து நாவலில் ஏற்றிய புத்தகம் அது.

“ஏனுங்க சித்தப்பா, உங்க நாவல்லே நம்ம பேச்சே இல்லீங்களே?” என்று கேட்டாள்.

நான் கல்லூரியை முடிக்காதவன். கொச்சையாக எழுதினால் படிக்காதவன் என்று சிரிப்பார்களோ என்று பயந்து, என் அம்மாவின் பேச்சையெல்லாம் நானே திருத்திவிட்டேன்.

“பயந்தான் காரணம், எழுதிக்கோ அம்மிணி” என்றேன்.

எழுதிக்கொண்டாள். அவள் தேறிவிடுவாள். எனக்குத்தான் இருபது வருஷம் பிந்திவிட்டது.