கழற்ற முடிகிற கருவிகள்: சிட்னி, மெல்பர்ன் பழுதுபார்ப்பு மேசைகள்

ஆஸ்திரேலிய வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமும் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணும் கொண்டது; இந்தியாவிலும் இலங்கையிலும் வழங்குவதும் அதுவே. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் குடிபெயரும் தமிழர்கள் அந்நாடுகளின் குறைந்த மின்னழுத்தத்துக்கென்று தனியாகச் செய்யப்பட்ட மிக்சியைத் தேடி வாங்க வேண்டியிருக்க, சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் வருகிறவர்கள் ஊரில் புழங்கிய மிக்சியையே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, பிளக்கை மட்டும் மாற்றி ஓட்டிவிடுகிறார்கள். விமான நிலையத் தராசின் முன்னால் எடை கூடிப்போய்ப் புத்தகத்தையும் புடவையையும் எடுத்து வெளியே வைப்பவர்கள்கூட மிக்சியின் மோட்டாரை வெளியே வைப்பதில்லை. 2021 ஆஸ்திரேலிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவதாகத் தெரிவித்தவர்கள் 95,000 பேருக்கும் மேல் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்நாட்டுச் சமையலறைகளில் கோயம்புத்தூர்க் கல்லும் சென்னை மோட்டாரும் எவ்வளவு ஓடிக்கொண்டிருக்கக்கூடும் என்பதை ஊகிக்கலாம். அவை நின்றுபோகும்போது எங்கே போகின்றன, யார் கையில் எப்படி மீள்கின்றன என்பதே இங்கு பேசப்படுவது.

சிட்னியின் மாரிக்வில் பகுதியில், முன்பு இராணுவக் கிடங்காக இருந்து பின்னர்ச் சமூக மையமாக மாறிய ஆடிசன் சாலை வளாகத்தில், 1998 முதல் ஒரு கூட்டுறவு நிறுவனம் பழைய பொருள்களைச் சீர்செய்து விற்கிறது. அதன் பெயர் ‘த பவர்’ என்பது. தமிழில் எழுதிப் படிக்கும்போது மின்சாரத்தைக் குறிப்பதுபோல் தோன்றினாலும், அது கண்ணில் பட்ட பளபளப்பான பொருள்களையெல்லாம் பொறுக்கிவந்து கொடிமண்டபம் போல் ஒன்றைக் கட்டி அலங்கரிக்கும் ஆஸ்திரேலியப் பறவையான பவர்பேர்டிலிருந்து வந்த பெயராகும். இது நிலையான கூடம். இதற்கு வேறான இன்னொரு வகை, மாதம் ஒருமுறையோ இருமுறையோ நூலகத்திலோ அக்கம்பக்கக் கூடத்திலோ மேசைகளை இழுத்துப்போட்டு நடத்தப்படும் ‘ரிப்பேர் கஃபே’ ஆகும். 2009 அக்டோபர் 18 அன்று ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினா போஸ்ட்மா தொடங்கிய இந்த முறை உலகெங்கும் பரவி, மெல்பர்னின் புறநகர்களிலும் வேர்விட்டிருக்கிறது. இங்கே கட்டணம் இல்லை. ஆனால் பொருளை ஒப்படைத்துவிட்டுப் போகவும் முடியாது, உடைமையாளர் பழுதுபார்ப்பவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, திருகாணிகளைக் கிண்ணத்தில் சேர்த்து, டார்ச்சைப் பிடித்து, நடப்பதைப் பார்க்க வேண்டும் என்பதே முறை. பழுதுபார்ப்பவர்களில் ஓய்வுபெற்ற பொறியாளர்களும், வால்வு வைத்த ரேடியோ காலத்திலிருந்து சால்டரிங் இரும்பைப் பிடித்துவரும் முதியவர்களும், மின்னணுவியல் மாணவர்களும் உண்டு.

மேசைக்கு வரும் ஒவ்வொரு கருவியோடும் ஒரு வாக்கியமும் வருகிறது. எதிரில் இருப்பவர் தமிழர் என்று தெரிந்துவிட்டால், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் “சார், நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு” என்பார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் “அண்ணை, இது நேற்றுவரைக்கும் நல்லாத்தான் வேலை செய்தது, ஒருக்காப் பாருங்கோ” என்பார். இரண்டையும் நம்பாமல் கருவியைத் தலைகீழாகக் கவிழ்ப்பதே கைத்திறனின் முதல் பாடம். மிக்சியின் அடிப்பாகத்தில் சிறிய சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. சுமை கூடி மோட்டார் சூடேறும்போது மின்சாரத்தைத் தானே துண்டித்துக்கொள்ளும் பாதுகாப்புச் சுவிட்ச் அது. ‘செத்துப்போனது’ என்று கொண்டுவரப்படும் மிக்சிகளில் சில, அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்தியதும் உயிர்பெற்றுவிடுகின்றன. அப்போது உடைமையாளர் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியும் வெட்கமும் கலந்த நிலை, இத்தொழிலின் கூலிகளில் ஒன்றாகவே கருதத்தக்கது.

பொத்தானுக்கு மசியாதவற்றைக் கழற்றத்தான் வேண்டும். மிக்சியில் இருப்பது யுனிவர்சல் மோட்டார் எனும் வகை. அதன் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்ப்பவை, இருபுறமும் வில்சுருளின் அழுத்தத்தில் உரசிக்கொண்டு நிற்கும் இரண்டு கரித்துண்டுகள். கார்பன் பிரஷ் என்று வழங்கும் இவை ஓட ஓடத் தேய்ந்து, சுண்ணாம்புக்கட்டியின் கடைசித் துண்டைப் போலக் குட்டையாகும்போது உள்ளே நீலப் பொறி பறக்கும், கருகல் வாடை எழும். சரியான அளவுத் துண்டு கிடைக்காவிட்டால், சற்றுப் பெரிய துண்டொன்றை உப்புக்காகிதத்தில் வைத்து மெல்ல மெல்லத் தேய்த்து, கூட்டுக்குள் தடையின்றி வழுக்கிச் செல்லும்வரை அளவு பார்த்துப் பொருத்துகிறார்கள். விரல் நுனிகள் கறுத்துப்போகும் இந்த வேலையில் அவசரம் காட்டினால் துண்டு உடைந்துவிடும்.

கிரைண்டரின் நோய் வேறு. 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி உருவாக்கியதாகச் சொல்லப்படுவதும், பின்னர்ப் புவிசார் குறியீடு பெற்றதுமான அந்த மாவரைக்கும் எந்திரத்தில் இருப்பது கரித்துண்டு தேவைப்படாத இண்டக்ஷன் மோட்டார்; அது கிளம்புவதற்கு வேண்டிய உந்துதலைத் தருவது கெபாசிட்டர் எனப்படும் மின்தேக்கி. தேக்கி வலுவிழந்தால் கிரைண்டர் முனகும், சுற்றாது; கையால் ஒரு தள்ளுத் தள்ளினால் ஓடத் தொடங்கும். பல வீடுகளில் இந்தத் தள்ளு அன்றாடச் சடங்காகிவிடுவதால், சில நூறு ரூபாய்கூடப் பெறாத ஓர் உதிரிப்பாகத்துக்காக எந்திரம் ஆண்டுக்கணக்கில் நோயாளியாகவே காலம் தள்ளுகிறது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால், அதை முதலில் வடித்துவிட்டே கை வைக்கிறார்கள்.

அரிசி குக்கரின் பழுது இன்னும் நுட்பமானது. வெப்பம் எல்லை மீறினால் ஒரேயடியாக அறுந்துபோகும் தெர்மல் ஃபியூஸ் அதனுள் இருக்கிறது. புதியதைச் சால்டர் வைத்துப் பற்றவைக்கப் போனால், அந்தச் சூட்டிலேயே அது அறுந்துவிடக்கூடும். எனவே கம்பிமுனைகளை உலோகக் குழலுக்குள் நுழைத்து இடுக்கியால் நெரித்து இணைப்பதே வழக்கம். புதிதாகக் கற்பவர்கள் பலரும் ஒரு ஃபியூஸையாவது இப்படிப் பலிகொடுத்தே இந்தப் பாடத்தைப் படிக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது பிளக்தான். ஆஸ்திரேலியப் பிளக்கின் தட்டையான இரு முனைகள் சாய்ந்தும், எர்த் எனப்படும் நிலத்தொடர்பு முனை செங்குத்தாகவும் நிற்க, இந்தியப் பிளக்கில் மூன்றும் உருண்டையாக இருக்கின்றன. பயணிகளுக்கென்று விற்கும் மலிவான அடாப்டர்களில் சில இந்த நிலத்தொடர்பைக் கடத்துவதில்லை. உலோக உடல் கொண்ட கிரைண்டரை அவற்றின்மூலம் ஓட்டினால், கசியும் மின்சாரத்துக்கு மாவைத் தள்ளிவிடும் ஈரக்கையே வழியாகிவிடக்கூடும். ஆகவே உருண்டை முனைகளை வெட்டியெறிந்து உள்ளூர்ப் பிளக்கைப் பொருத்துகிறார்கள். பழைய இந்தியக் கம்பியின் சிவப்பு, கறுப்பு, பச்சை ஆகியவை இன்றைய பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் ஆகியவற்றுக்கு முறையே நிகரானவை. பின்னர் 500 வோல்ட் கொடுத்து மின்காப்பைச் சோதித்து, குறைந்தது ஒரு மெகாஓம் காட்டினால்தான் சீட்டுக் கட்டித் திருப்பித் தருகிறார்கள்.

உதிரிப்பாகங்கள் கிடைப்பதற்குத் தமிழர்களிடம் தனி ஏற்பாடு இருக்கிறது. ஊருக்குப் போகிறவர்களின் கைப்பேசிக்குக் கப்ளர், பிரஷ், பெல்ட், ஜாடி வளையம் என்று படத்தோடு பட்டியல் வந்துசேரும். திரும்பி வருகிறவரின் பெட்டியில் முறுக்குக்கும் வடகத்துக்கும் நடுவே அவை வரும். இந்திய மிக்சியின் வரலாறே பழுதில் தொடங்கியது என்பதை இங்கே நினைவுகூரலாம்: 1960-களில் மும்பையில் மாதுரி மாத்தூரின் ஜெர்மானிய பிரௌன் மிக்சர் பழுதாகி, அதைச் சீர்செய்ய வழியில்லாமற் போனதாலேயே அவருடைய கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் ‘சுமீத்’ மிக்சியை வடிவமைத்தார்.

புதிய கருவிகளின் மேசையில் இந்தக் கதைகளுக்கு இடமில்லை. அங்கே திருகாணி இருந்த இடத்தில் பசை இருக்கிறது. கைப்பேசியைச் சூட்டுத்தட்டில் வைத்துப் பசையை இளக்கி, கண்ணாடி உடையாமல் மெல்லிய தகட்டால் நெம்பி, உள்ளே போன பிறகும், மாற்றிய பாகத்தை மென்பொருள் ஏற்றுக்கொள்ள மறுக்கலாம். மூன்றாம் ஆளிடம் திரையை மாற்றியவர்களின் ஐபோன்களும் ஐபேட்களும் முடங்கியபோது, அவர்களுக்குத் தீர்வு பெறும் உரிமை இல்லை என்று தவறாகச் சொன்னதற்காக ஆப்பிள் நிறுவனத்துக்கு ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 2018 ஜூனில் 90 லட்சம் டாலர் தண்டம் விதித்தது. இதைவிட விசித்திரமானது 2024 அக்டோபர் 28-இல் தொடங்கிய 3ஜி சேவை நிறுத்தம்: அவசர உதவி எண்ணான 000-ஐப் புதிய வலையமைப்பில் அழைக்க இயலாத கைப்பேசிகள் முடக்கப்பட்டன, வெளிநாட்டில் வாங்கிய சில 4ஜி கைப்பேசிகளும் அதில் அகப்பட்டன. திரை, பேட்டரி, ஒலிபெருக்கி எல்லாம் நலமாக இருக்கும் ஒரு கருவியின் முன்னால், எந்தத் திருப்புளிக்கும் வேலையில்லாமல் பழுதுபார்ப்பவர் கைவிரிக்க வேண்டியதாயிற்று. பாதுகாப்புக் காரணம் நியாயமானதே. ஆயினும் குறை கருவியில் இல்லை.

பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2021-இல் தந்த அறிக்கை, ஒரு பொருள் எவ்வளவு காலம் உழைக்கும், எவ்வளவு எளிதில் சீராகும் என்பதை அதன்மேலேயே அச்சிடும் திட்டத்தைச் சோதித்துப் பார்க்கப் பரிந்துரைத்தது. விக்டோரியா மாநிலமோ 2019 ஜூலை 1 முதல் மின்கழிவைக் குப்பைக்கிடங்கில் கொட்டுவதையே தடைசெய்துவிட்டதால், மெல்பர்ன்வாசி நின்றுபோன மிக்சியை வீட்டுக் குப்பைத்தொட்டியில் போடவும் முடியாது.

எறிவதற்கு முன் மேசைக்குக் கொண்டுசெல்ல நினைப்பவர்கள், மிக்சியோடு ஜாடியையும் மறக்காமல் எடுத்துச்செல்ல வேண்டும். ஜாடி இல்லாமல் மோட்டாரைச் சுமையில் ஓட்டிச் சோதிக்க வழியில்லை.