பொலன்னறுவைக்கு வானவன்மாதேவி வழியாக

பேஸ்லைன் வீதியும் அவிசாவளை வீதியும் சந்திக்கும் ஒருகொடவத்தையில் கொள்கலன் லொறிகளின் இரைச்சல் இரவிலும் அடங்குவதில்லை. இந்தப் பக்கத்தில் வளர்கிற பிள்ளைகளுக்குப் பழமை என்று காட்ட அருகில் இருப்பது ஒல்லாந்தர் 1757இல் கட்டிமுடித்த வுல்வெண்டால் தேவாலயம்தான். அதற்கும் ஏறக்குறைய எழுநூறு ஆண்டு மூத்த சிவன் கோயில் ஒன்று, அடியிலிருந்து சிகரம் வரை கல்லாகவே, பொலன்னறுவையில் நிற்கிறது. அதன் சுவரில் இருப்பது தமிழ் எழுத்து. நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் அந்த ஊருக்குப் போய்விட்டு, அதைப் பார்க்காமலே திரும்பிவருகிறார்கள். அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போகும் வழி கடினமில்லை. காலையில் கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்படும் உதயதேவி, மாகோவில் திரும்பி, கல்லோயாச் சந்தி, மின்னேரியா, ஹிங்குராக்கொடை கடந்து பொலன்னறுவைக்கு வருகிறது. நிலையம் இருப்பது கதுருவெலயில். பழைய நகரம் அங்கிருந்து நாலு கிலோமீற்றர் மேற்கே. பஸ்ஸில் போனால் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழி. இடிபாடுகள் வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பதால், பழைய நகரில் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொள்வது நல்லது. புனித இடங்களில் செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். நண்பகலில் கல் சுடும் சூடு சொல்லி மாளாது. தடித்த காலுறை கொண்டுபோங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எல்லோரும் அரண்மனையிலிருந்து தொடங்குவார்கள். நான் சொல்வது, கிழக்கே ஒதுங்கி நிற்கும் இரண்டாம் சிவ தேவாலயத்திலிருந்து தொடங்குங்கள். முதலில் சொன்ன கற்கோயில் அதுதான்; அதன் பெயர் வானவன்மாதேவி ஈச்சரம். வானவன்மாதேவி இராசேந்திர சோழனின் தாய். இராசராசன் காலத்தில் சோழர் படை அநுராதபுரத்தை வீழ்த்தியது. 1017இல் சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தன் பிடிபட்டுத் தமிழகத்துக்குக் கொண்டுபோகப்பட்டான். சோழர் தங்கள் தலைநகரை இங்கே அமைத்து ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். மகாவலியின் துறைகளையும், உருகுணையிலிருந்து வரும் வழியையும் இங்கிருந்து கண்காணிக்க முடிந்தது. படை நடத்துகிறவனின் கணக்கு அது.

கோயில் சின்னது. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்த்த கண்ணுக்கு விமானம் ஒரு மாதிரி வடிவம்போலத் தோன்றும். ஆனால் பொலன்னறுவையின் பெரும் கட்டடங்கள் பலவும் செங்கல். அவை கூரையிழந்து நிற்க, இது நந்திகளோடு முழுமையாக நிற்கிறது. சுவரில் உள்ள அதிராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, இறைவன் முன் விளக்கெரிக்கக் கொடுத்த தானத்தைப் பதிவுசெய்கிறது. அந்த அதிராசேந்திரன் 1070இல் இறந்தான். சோழ நாட்டில் அரசுரிமைக் குழப்பம்; அதே ஆண்டில் சிங்கள மன்னன் முதலாம் விஜயபாகு பொலன்னறுவையைக் கைப்பற்றினான். வென்றவன் இக்கோயிலை இடிக்கவில்லை. அநுராதபுரத்தில் முடிசூடினான், ஆனால் ஆட்சி செய்தது சோழர் தேர்ந்த இந்த நகரத்திலிருந்துதான். இன்றும் இங்கே கற்பூரம் எரிகிறது, சிங்களப் பெண்களும் பூத்தட்டோடு வருகிறார்கள்.

இந்த இடத்தைப் பார்த்துவிட்டு, பழைய நகருக்குள் இருக்கும் புனித முற்றத்துக்குப் போனால் அங்கே இன்னொரு தமிழ்க் கல் காத்திருக்கிறது. வேளைக்காரர் கல்வெட்டு. வேளைக்காரர் விஜயபாகுவின் கூலிப்படையினர். சோழருக்கு எதிராகப் போருக்குப் போகச் சொன்னபோது கிளர்ந்தெழுந்து, கடுமையாக ஒடுக்கப்பட்டவர்கள் அவர்கள் என்று சூளவம்சம் சொல்கிறது. அதே வேளைக்காரரிடம்தான் விஜயபாகுவின் மறைவுக்குப் பின் புத்தரின் தந்ததாது இருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பு வந்தது. ‘மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி’ என்று அதற்குத் தங்கள் படையின் பெயரையே சூட்டி, உயிர் போனாலும் காப்போம் என்று தமிழில் உறுதி எழுதி வைத்தார்கள். வலஞ்சியர், நகரத்தார் ஆகிய வணிகரும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். இந்தத் தீவின் வரலாற்றை இரண்டு கோடாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிற எவரையும் இந்தக் கல்லின் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

அதே முற்றத்தில் வட்டதாகேயும், மன்னன் நிஸ்ஸங்க மல்லனின் கல்பொத்தவும் உண்டு. கல்பொத்த எட்டு மீற்றருக்கு மேல் நீளமான ஒற்றைக் கற்பலகை. ஏறக்குறைய 25 தொன். மிகிந்தலையிலிருந்து இழுத்துவந்ததாக அந்தக் கல்லே சொல்கிறது. பக்கத்தில் சத்மகால் பிரசாதய படிப்படியாகச் சுருங்கி மேலே போகிறது. அதைப் பார்த்தால் மாயர்களின் படிக்கூம்புகள் நினைவுக்கு வரும். உறவு ஏதும் இல்லை. கடலே இடையில் இருக்கிறது. ஆனால் பொலன்னறுவை குளங்களால் வாழ்ந்ததுபோல, குவாத்தமாலாவிலுள்ள மாயர்களின் திக்காலும் மழைநீரைத் தேக்கித் தேக்கி வாழ்ந்த நகரம். ஒன்பதாம் நூற்றாண்டில் வறட்சியும் போரும் சேர்ந்து அதைக் காலியாக்கின, காடு மூடியது. இங்கே காடு வந்தது பின்னால். 1215இல் கலிங்க மாகன் படையெடுத்தான். குளங்களையும் வாய்க்கால்களையும் பேணிய நிர்வாகம் சிதைந்தது. அரசு தென்மேற்கே தம்பதெனியாவுக்கு நகர்ந்தது. நீரைக் கையாளத் தெரிந்தவர்கள் போனபின், நகரம் தானாகவே காட்டுக்குள் இறங்கியது.

கல் விகாரைக்கு மட்டும் அவசரப்படாமல் நேரம் ஒதுக்குங்கள். முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) காலத்தில் ஒரே பாறையைக் குடைந்து நான்கு உருவங்கள் செய்திருக்கிறார்கள். படுத்திருக்கும் புத்தர் 14 மீற்றர். தலையணையைப் பாருங்கள்: தலையின் பாரத்தால் அது அமுங்கியிருக்கிறது. கல்லில் பஞ்சின் மென்மையைக் காட்டத் துணிந்த சிற்பி பெயரில்லாமல் போனான். பாதங்களில் ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பின்னே இருக்கிறது; அது உறக்கமல்ல, பரிநிர்வாணம் என்பதற்கான அடையாளம். மாலை நான்கு மணிக்குப் பிறகு வெயில் சரியும்போது பாறையின் கோடுகள் தெளிவாகத் தெரியும். அந்த நேரத்துக்குப் போகும்படி திட்டமிடுங்கள்.

லங்காதிலகவும் ரன்கொத் விகாரையும் வழியில் வரும். வடகோடியிலுள்ள திவங்க பிலிமகேயின் சுவரோவியங்களை வழிகாட்டிகள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

இவ்வூரிலிருந்து தோண்டி எடுத்த செப்புத் திருமேனிகளைப் பார்க்க ஊருக்கு வந்தால் பாதிதான் கிடைக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிவ தேவாலயங்களின் அகழ்வில் கிடைத்த நடராசர் கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறார். சுந்தரரும் அங்கேதான். பொன்னம்பலம் அருணாசலமும் ஆனந்த குமாரசுவாமியும் இவற்றைப் பற்றி எழுதி உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். ஒருகொடவத்தையிலிருந்து பொரளை வழியாகக் கறுவாத்தோட்டத்துக்கு ஒரு பஸ் தூரம். பொலன்னறுவைப் பயணத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையே பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்விடலாம்.

கடைசியாகப் பார்க்க வேண்டியதும், இன்று இடிபாடாக இல்லாததும் பராக்கிரம சமுத்திரம் என்ற பெருங்குளம்தான். பழைய தோபா வாவியை உள்ளடக்கி, அம்பன் கங்கையின் நீரை அங்கமெடில்ல அணையால் திருப்பி, 14 கிலோமீற்றர் கரை கட்டினார்கள். கரை உடைந்து பல நூற்றாண்டு வறண்டு கிடந்ததை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருத்தி மீண்டும் நிரப்பினார்கள். வெளியூரிலிருந்து குடியேறிய விவசாயிகளுக்கு அந்த நீர் வயலாயிற்று. கதுருவெலயில் முஸ்லிம்களின் கடைகள், மகாவலிக்குக் கிழக்கே மன்னம்பிட்டிப் பக்கம் தமிழ்க் கிராமங்கள், சுற்றிலும் சிங்கள விவசாயிகள். போர்க்காலத்தில் இவ்வூர்களில் பலர் உயிரிழந்தார்கள். வயல் வேலை அப்போதும் நின்றுவிடவில்லை. கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு மதகுக்குக் கீழே இறங்கிப் பாருங்கள். சிறுபோகத்துக்குத் திறந்த நீர் வாய்க்காலில் வேகமாக ஓடும். அங்கே விளையும் நெல் ஆலைகளுக்குப் போய், அரிசி மூட்டையாகப் புறக்கோட்டை மொத்தக் கடைகளுக்கு வருகிறது.