கே.ஜி.எஃப். - ஒரு ஜிப்சியும் அப்பாவின் ஸ்பேனரும்

போன டிசம்பர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் கோலார் தங்கவயல். (2018-ல் வந்த படத்துக்கு அப்புறம் கல்கூர்லியில்கூட ஊர்ப் பேரைச் சொன்னால் சிலருக்குத் தெரிகிறது. ஆனால் படத்தில் வர்ற ஊர் வேற, எங்க ஊர் வேற!)

தம்பி ஒரு பழைய மாருதி ஜிப்சி வைத்திருக்கிறான். வாரம் முழுக்க பெங்களூருக்கு ரயிலில் போய் வருபவனுக்கு ஞாயிற்றுக்கிழமை அதுதான் உலகம். அதை ரெண்டு அங்குலம் உயர்த்த நான்தான் இங்கிருந்து பணம் அனுப்பினேன். புது லீஃப் ஸ்பிரிங், பெரிய டயர்... வண்டி சும்மா கம்பீரமாக நின்றது.

அப்பாவை முன் சீட்டில் உட்கார வைத்து சாம்பியன் ரீஃப் பக்கம் போனோம். சைனைட் மேட்டை ஒட்டி மழைத்தண்ணி அரித்த ஒரு தடம். குறுக்கே ஒரு பள்ளம். இடது முன் சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் தொங்கியது. வலது பின் சக்கரமும் அப்படியே. ஃபோர் வீல் போட்டும் அந்த ரெண்டும் காற்றில்தான் சுற்றின. சாதாரண டிஃபரன்ஷியல், பிடிப்பில்லாத சக்கரத்தைத்தானே சுற்றவிடும்!

அப்பா இறங்கப் பார்த்தார். தரை எங்கே இருக்கிறது என்று கால் தேடியது. சறுக்கி விழுந்தார். கணுக்கால் சுளுக்கு. நல்லவேளை, அதோடு போயிற்று.

வீட்டில் அம்மா தம்பியைத் திட்டவில்லை. "காசு அனுப்புறவன் அங்க இருந்து அனுப்பிடுறான், விழுறது இவரு" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அப்பா சுரங்கத்தில் ஃபிட்டர். 2001 பிப்ரவரி 28-ல் பி.ஜி.எம்.எல். மூடியதிலிருந்து அவருடைய டூல் பெட்டி கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. வீட்டுக் குழாய் ஒழுகினாலும் ஆளைத்தான் கூப்பிடுவார்.

ரெண்டு நாள் கழித்து, கால் கட்டோடு வண்டிக்குக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "டேய், இங்க வாங்கடா. வண்டியைத் தூக்கினீங்க, ஷாக்கை மாத்தினீங்களா?"

மாற்றவில்லை. பழைய ஷாக்தான்.

"ஹெட்கியரை எவ்ளோ உயரமா கட்டினாலும், கயிறு பத்தலன்னா கூண்டு அடியில போய்ச் சேருமா?"

மூணு கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கத்தில் வேலை பார்த்தவர் சொல்கிறார். விஷயம் இதுதான் மக்களே: உயரம் வேறு, டிராவல் வேறு. சக்கரம் மேலே அமுங்குவதும் கீழே இறங்குவதும் சேர்ந்ததுதான் டிராவல். வண்டியை ரெண்டு அங்குலம் தூக்கியதும் ஷாக் நின்ற இடத்திலேயே ரெண்டு அங்குலம் நீண்டுவிட்டது. சக்கரம் கீழே இறங்க மிச்சம் இருந்தது ஒன்றரை அங்குலம்தான்.

அப்பா சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, முன் ஷாக்குகளைக் கழற்றி, ஆக்ஸிலைத் தொங்கவிட்டு மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி அளந்தோம். ஷாக் அவ்வளவு நீள வேண்டும். பிறகு ஜாக்கியால் ஆக்ஸிலை பம்ப் ஸ்டாப் வரை ஏற்றி மறுபடி அளந்தோம். ஷாக் சுருங்கினால் அதைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே முட்டி உடையும். ரெண்டு அளவையும் எழுதிக்கொண்டு போய்த்தான் புது ஷாக் வாங்கினோம். பம்ப் ஸ்டாப்புக்கு ஒரு கட்டை கொடுத்தோம். பிரேக் ஹோஸ் இழுபட்டது, நீளமானது போட்டோம். பட்டைகளைப் பிரித்துத் துரு தேய்த்து, ஷேக்கிளுக்கு கிரீஸ் வைத்தோம். முன் ஆன்டி-ரோல் பார் ஒரு பக்கச் சக்கரத்தை இறங்கவிடாமல் பிடிக்கும். கரடுமுரடான இடத்தில் மட்டும் கழற்றிவிட்டு, ரோடு ஏறுமுன் மாட்டச் சொன்னார்.

மூணு நாள் வேலை. ஒரு போல்ட் அசையவில்லை என்று தம்பி சுத்தியலைத் தேடியபோது, அப்பா அவனைத் தள்ளிவிட்டுத் தானே ஸ்பேனரைப் பிடித்தார். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கை நடுங்கியது. போல்ட் திரும்பியது. அம்மா வாசலில் டீ டம்ளரோடு நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அதே பள்ளத்துக்குப் போனோம். இந்தத் தடவை அப்பா வெளியே நின்றார். இடது சக்கரம் மெதுவாக இறங்கி மண்ணைத் தொட்டது, வண்டி ஏறிவிட்டது. தம்பி விசிலடித்தான். அப்பா பள்ளத்தைப் பார்த்து, "இன்னும் அரை அங்குலம் வேணும்" என்றார்.

நான் திரும்பி வந்தாயிற்று. இப்போதெல்லாம் போனில் சாப்பிட்டியா என்று கேட்டதும் அடுத்த கேள்வி, "உன் வண்டி ஷாக் என்ன நீளம்?" என்பதுதான். இந்த ஞாயிறு அளந்து சொல்ல வேண்டும் :-)

டிஸ்கி: வண்டியை உயர்த்தினால் கவிழும் அபாயமும் கூடும். நம்மூரில் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வேறு இருக்கிறது. விசாரித்துவிட்டுச் செய்யுங்கள்.