கயிற்றில் கட்டிய பென்சில்

அரபியில் வணிகக் கடிதம் எழுதுவதற்கென்றே 1991ஆம் ஆண்டில் நாம் துபாய்க்கு அழைக்கப்பட்டோம். மத்ரஸாவில் ஓதி முடித்து, அஃப்ஸலுல் உலமா தேர்விலும் தேறியிருந்த நமக்கு, தேராப் பகுதியில் மோட்டார் உதிரி பாகங்கள் விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. கடிதங்கள் நண்பகலுக்குள் தீர்ந்துவிடும். எஞ்சிய பொழுதில், அலுவலக மூலையில் தூசி படிந்து கிடந்த கணிப்பொறி நம்மை ஈர்த்தது. மன்திக் எனும் தர்க்கக் கலையில் 'இஃது உண்மையாயின் அஃதும் உண்மை' என்று ஆண்டுக்கணக்கில் உருப்போட்ட மனத்துக்குக் கிளிப்பர் என்னும் மொழியில் புரோகிராம் எழுதுவது அந்நியமாகத் தோன்றவில்லை. ஆறே மாதங்களில் கடையின் சரக்கிருப்புக் கணக்கு முழுவதையும் அந்தப் பெட்டிக்குள் ஏற்றிவிட்டோம். முதலாளி மகிழ்ந்தார். நமக்கும் உள்ளூரப் பெருமைதான், அதை மறைப்பானேன்!

கிடங்கு, நாகூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரின் பொறுப்பில் இருந்தது. அவரை நாம் நானா என்போம். அவர் நம்மைத் தம்பி என்பார். கிடங்கின் ஒவ்வோர் அடுக்கிலும் பின் கார்டு என்னும் அட்டை ஒன்று தொங்கும். சரக்கு வந்தால் வரவு, போனால் பற்று, கடைசிக் கட்டத்தில் மீதி. எழுதுவதற்கு ஒரு பென்சில். அதுவும் அடுக்கின் கம்பியில் கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். பையன்கள் எடுத்துச் சென்று தொலைத்துவிடுகிறார்கள் என்பதற்காக அவர் செய்த ஏற்பாடு அது. நமது கணிப்பொறி வந்த பிறகும் அவர் அட்டை எழுதுவதை நிறுத்தவில்லை. ஒரே கணக்கை இரண்டு இடத்தில் எழுதுவானேன் என்று நாம் சிரித்ததுண்டு.

1992இல் கடை பெருகியது. விற்பனை மேசைகளுக்கென ஐந்து கணிப்பொறிகள் வந்தன. அவற்றை இணைக்க ஒரு சர்வரும், அதில் நாவெல் நிறுவனத்தின் நெட்வேர் 3.11ம் வந்தன. நமது பெட்டியில் இருந்த பைல்கள் சர்வருக்கு மாறின. மேசைக்கு மேசை பில் போடலாம்; இருப்பு மட்டும் ஒன்றே.

இங்கே சற்று நின்று, அந்தப் பொறியமைப்பைச் சொல்லியாக வேண்டும். இல்லையேல் நமது பிழையின் தன்மை விளங்காது.

ஐபிஎம் நிறுவனத்தின் பெர்சனல் கம்ப்யூட்டர் 1981இல் வெளிவந்தபோது, அதனை இயக்கிய டாஸ் என்னும் அமைப்பு, ஓர் ஆள், ஒரு மேசை, ஒரு பெட்டி என்ற நினைப்பிலேயே வடிக்கப்பட்டது. புரோகிராமுக்கு ஒரு பைலைத் திறக்கவோ படிக்கவோ எழுதவோ வேண்டுமாயின், இன்ன வேலை என்பதற்குரிய எண்ணை ஏஎச் என்னும் ரெஜிஸ்டரில் வைத்து, இன்டரப்ட் 21 என்ற கதவைத் தட்ட வேண்டும். டாஸ் வந்து வேலையை முடித்துக் கொடுக்கும். அக்கதவின் அப்பால் இன்னொருவரும் நிற்கக்கூடும் என்ற எண்ணமே தொடக்கத்தில் இல்லை. 1984இல் வந்த 3.0 பதிப்பில்தான் 5சி என்ற புது எண் சேர்க்கப்பட்டது. எந்தப் பைல், எந்த பைட்டிலிருந்து, எத்தனை பைட்டுகள் என்று சொல்லி, அப்பகுதியைப் பூட்டு என்றோ திற என்றோ கேட்பதற்கான எண் அது. வேறொருவர் முன்னமே பூட்டியிருந்தால் 33 என்ற பிழை எண் திரும்பி வரும்.

நெட்வேரோ அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், 1980களின் தொடக்கத்தில், ட்ரூ மேஜர் முதலிய இளைஞர் சிலரின் கையால் உருவானது. அந்நாளில் பலர் ஒரே டிஸ்க்கைக் கூறுபோட்டுக் கொள்வதையே நெட்வொர்க் என்று எண்ணியிருந்தனர். இவர்கள் டிஸ்க்கை அன்று, பைலைப் பங்கிடும் முறையைக் கண்டனர். மேசைக் கணிப்பொறி ஒவ்வொன்றின் நினைவகத்திலும் ஷெல் என்ற சிறு புரோகிராம் குடியேறி, இன்டரப்ட் 21இன் வாசலில் காவலாய் நிற்கும். கேட்கப்படும் பைல் இந்தப் பெட்டியில் இருப்பதாயின் டாஸிடம் விட்டுவிடும். எஃப் முதலான நெட்வொர்க் டிரைவில் இருப்பதாயின், கேள்வியைப் பொட்டலமாகக் கட்டிக் கம்பி வழியே சர்வருக்கு அனுப்பி, விடையை வாங்கித் தரும். புரோகிராமுக்கு இது எதுவும் தெரியாது. தனியொருவனாக இருப்பதாகவே அது நினைத்துக்கொண்டிருக்கும்.

எத்துணை அழகான ஏற்பாடு! எத்துணை அபாயமான ஏற்பாடு! பழைய புரோகிராம்கள் மாற்றமின்றி ஓடின என்பதே அதன் வெற்றி. மாற்றமின்றி ஓடியதாலேயே, மாற்ற வேண்டியது ஒன்று உண்டு என்பதை எழுதியவன் மறந்தான். அரபி இலக்கணத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் இடையில் இருமை என்று ஒன்று உண்டு. இருவரைப் பேசும்போது வினைச்சொல்லின் உருவே மாறிவிடும். அதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் அளவு கற்றிருந்த நாம், ஒருமையில் எழுதிய புரோகிராமை ஐவர் நடுவே அப்படியே உலவவிட்டோம்.

முற்றும் அறியாமல் விட்டோம் என்றும் சொல்வதற்கில்லை. பகிர்ந்து திறந்த பைலில், பூட்டாத ரிக்கார்டின் மேல் எழுதக் கிளிப்பர் அனுமதிக்காது. பிழை காட்டி நின்றுவிடும். அப்படி நின்றபோது, எழுதும் வரிக்கு முன்னே பூட்டும் வரியையும் பின்னே திறக்கும் வரியையும் சேர்த்தோம். பிழைச் செய்தி மறைந்தது. வேலை முடிந்ததென்று எண்ணினோம்.

அந்த ஆண்டு முடிவில் சரக்கு எண்ணினார்கள். கணிப்பொறி சொன்ன இருப்பைவிட அடுக்கில் இருந்தது குறைவு. ஒன்றிரண்டு பொருளில் அன்று. அதிகம் விலைபோகும் பிரேக் பேடு, ஆயில் பில்டர் முதலியவற்றில் எல்லாம் குறைவு. அதிகம் விலைபோகும் பொருள்தானே திருடத் தகுந்தது? சந்தேகம் நானாவின் மேல் விழுந்தது. அவர் அட்டைகளைக் காட்டினார். அட்டையின் மீதியும் அடுக்கின் எண்ணிக்கையும் ஒத்திருந்தன. "அட்டையை எழுதுபவர் நீர்தானே?" என்று மேலாளர் கேட்டார். மாதம் நூறு திர்ஹம் வீதம் சம்பளத்தில் பிடித்தார்கள். கணிப்பொறி பொய் சொல்லுமா என்று அந்த அறையில் உரக்கக் கேட்டவர்களில் நாமும் ஒருவர். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

மூன்றாம் மாதம், லுஹருக்குப் பின் ஒருநாள், நானா பிரேக் பேடு அட்டையைக் கழற்றிக்கொண்டு நமது மேசைக்கு வந்தார். "தம்பி, நீங்க ஓதுனவங்க. இந்த அட்டையில எந்த வரி பொய்யுன்னு மட்டும் காட்டிடுங்க, நான் போயிடுறேன்" என்றார்.

இருந்து பார்த்தோம். நமது புரோகிராமில் பில் ஒவ்வொன்றும் தனி ரிக்கார்டாக ஒரு பைலில் சேரும். இருப்பின் மீதி வேறொரு பைலில் குறைக்கப்படும். பில்களை எல்லாம் கூட்டித் தொடக்க இருப்பிலிருந்து கழித்தோம். நானாவின் அட்டையில் இருந்த எண் வந்தது. நமது மீதிப் பைலில் இருந்த எண் வரவில்லை. பொய் எந்த வரியில் என்று தேட வேண்டியது அட்டையில் அன்று என்பது அப்போதுதான் உறைத்தது.

நடந்தது இதுதான். முதல் மேசைக்காரர் பொருளின் எண்ணை அடித்ததும் புரோகிராம் மீதியைப் படித்துத் திரையில் 40 என்று காட்டும். வாடிக்கையாளர் பேரம் பேசிக்கொண்டிருப்பார். அதற்குள் மூன்றாம் மேசையில் அதே பொருள், அங்கும் 40. முதல் மேசையில் 6 விற்றால், ரிக்கார்டைப் பூட்டி 34 என்று எழுதித் திறந்துவிடும். மூன்றாம் மேசையில் 10 விற்றால், அதுவும் முறையாகப் பூட்டி, தான் முன்பு படித்து வைத்த 40இலிருந்து கழித்து 30 என்று எழுதும். அடுக்கில் இருப்பது 24. ஆறு பேடுகள் காற்றில் மறைந்தன; அல்லது நானாவின் பையில். நாம் பூட்டாமல் இல்லை. எழுதும்போது பூட்டினோம், படித்தபோது பூட்டவில்லை. அடிக்கடி விற்கும் பொருளில்தானே இருவர் மோதிக்கொள்வர்? ஆகவே குறைவெல்லாம் அவற்றிலேயே நேர்ந்தது.

உடனே, படிக்கும்போதே பூட்டும்படி மாற்றினோம். மறுநாளே அது வேறு வினையாயிற்று. ஒரு விற்பனையாளர் திரையில் ஆயில் பில்டரைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அவர் திரும்பும் வரை, மற்ற நால்வரும் அப்பொருளுக்குப் பில் போட இயலாமல் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர். மனிதன் விசையைத் தட்டும் வரை பூட்டை வைத்திருப்பது அநீதி என்று அன்று கற்றோம். முடிவில், மனிதனிடம் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு முடித்து, அதன் பின் பூட்டி, மீதியை மீண்டும் புதிதாகப் படித்து, கழித்து, எழுதி, கணமும் தாமதியாமல் திறப்பது என்று அமைத்தோம். திரையில் காட்டும் எண் ஒரு தகவல்தானே தவிரச் சாட்சியம் அன்று.

அதற்குள்ளும் ஒரு முடிச்சு. ஒரு பில்லில் பல பொருள்கள் இருக்கும். ஒருவர் பேடைப் பூட்டிப் பில்டருக்காகவும், மற்றவர் பில்டரைப் பூட்டிப் பேடுக்காகவும் காத்திருந்தால் இருவரும் கியாமத் நாள் வரை காத்திருக்க வேண்டியதுதான். நெட்வேரில் இதற்கு ஒரு நேர்த்தியான சேவை இருந்தது. வேண்டிய ரிக்கார்டுகளை முதலில் ஒரு பட்டியலில் பதிந்துகொண்டு, பிறகு முழுப் பட்டியலையும் ஒருசேரப் பூட்டும்படி கேட்கலாம். ஒன்று கிடைக்காவிடினும் எதுவும் பூட்டப்படாது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதையும், நொடியின் 18இல் ஒரு பங்கை அலகாக வைத்துச் சொல்லலாம்.

நம்மைப் பெரிதும் சிந்திக்கவைத்தது அதன் இன்னொரு வகைப் பூட்டு: வெறும் பெயரைப் பூட்டுவது. அப்பெயருக்கும் பைலுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. 'இருப்பு' என்று ஒரு பெயரைப் பூட்டுவோம் என எல்லாப் புரோகிராம்களும் தமக்குள் ஒப்புக்கொண்டால் அது காவல். ஒன்று மட்டும் கேளாமல் உள்ளே நுழைந்தால் சர்வர் அதைத் தடுக்காது. அமானிதம் என்ற சொல்லை விளக்க வேண்டிய வகுப்புகளில் பின்னாளில் இந்த உதாரணத்தைச் சொல்லத் துணிந்ததுண்டு, பிள்ளைகள் விழித்தார்கள். அச்சேவைகளை அழைக்கும் அளவுக்கு நமக்கு அன்று சி மொழி கைவரவில்லை. எனவே பில்லில் உள்ள பொருள்களை எண் வரிசைப்படி அடுக்கி, எல்லா மேசையும் சிறிய எண்ணிலிருந்தே பூட்டத் தொடங்கும்படி செய்தோம். எல்லாரும் ஒரே வரிசையில் நடந்தால் எதிரெதிரே முட்டிக்கொள்வது இல்லையே!

மேலாளரிடம் சொல்லப் போனோம். அவர் நம்பவில்லை, நெட்வொர்க் போட்டவர்களைக் குறை சொன்னார். அவர்கள் தந்தது சரியாகவே இருந்தது, பிழை நமது என்றோம். பழைய புரோகிராமை ஒரு நகல் பைலின் மேல் ஓடவிட்டு, இரண்டு கணிப்பொறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் அவரையும் மற்றொன்றில் நானாவையும் அமர்த்தினோம். இருவர் திரையிலும் 40. மேலாளர் 6 அடித்தார். நானா ஒற்றை விரலால் தேடித் தேடி 10 அடித்தார். மீதி 30 என்று வந்தது. மேலாளர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்த முந்நூறு திர்ஹத்தை நமது சம்பளத்தில் பிடித்து நானாவுக்குக் கொடுக்கும்படி கணக்கருக்கு எழுதினார். நாம் மறுக்கவில்லை.

அன்று மாலை கிடங்குக்குப் போனோம். மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்த்துச் சென்ற சொற்கள் வாயில் வரவில்லை. நானா அடுக்கின் முன் நின்று அட்டை எழுதிக்கொண்டிருந்தார். பின்னால் பையன் ஒருவன் வேறொரு சீட்டோடு காத்திருந்தான். எழுதி, மீதி போட்டு, கூட்டிச் சரிபார்த்த பிறகே அவர் பென்சிலைக் கைவிட்டார். அது கயிற்றில் ஆடியது. பையன் அதைப் பிடித்தான்.

"அந்தப் பெட்டி இனிமே சரியாச் சொல்லுமா தம்பி?" என்று கேட்டார்.

சொல்லும் என்றோம்.

"சொல்லட்டும். அட்டையும் இருக்கட்டும்" என்று அடுத்த அடுக்குக்கு நகர்ந்தார்.