கல்லாற்றில் ஒரு கிழிந்த சிறகு

கோயமுத்தூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பஞ்சாலை, சிறுவாணித் தண்ணீர், 'ஏனுங்க' என்ற மரியாதைப் பேச்சு... இந்த ஜாபிதாவில் வண்ணத்துப்பூச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்கு மலைத்தொடர் இந்த ஊருக்குக் கொடுத்திருக்கும் சீதனங்களில் அதுவும் ஒன்று.

ஐப்பசியில் ஒரு நாள், மழை விட்டு வெயில் தலைகாட்டிய காலை வேளையில் காமிராவும் கையுமாகப் புறப்பட்டேன். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 35 கிலோமீட்டர். அதைத் தாண்டி ஊட்டி சாலையில் கொஞ்ச தூரம் போனால் கல்லாறு. நீலகிரி மலை ரயில் பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏற ஆரம்பிக்கும் இடம் இதுதான். பாக்குத் தோப்பும் ஓடைச் சலசலப்புமாக இருக்கும் இந்த அடிவாரத்தில் யானை நடமாட்டமும் உண்டு. ஆகவே சாலையோரத்தை விட்டுக் காட்டுக்குள் நுழையாதீர்கள்.

கிளம்புமுன் தெரிந்தவர் ஒருவர் எனக்கு ஒரு யுக்தி சொல்லியிருந்தார். பூச்சியைப் பிடித்து டப்பாவில் அடைத்து, குளிர்பெட்டியில் சிறிது நேரம் வைத்து எடுத்தால் ஆடாமல் அசையாமல் 'போஸ்' கொடுக்குமாம்! அடப் பாவமே! வெயிலில் உடம்பு சூடேறினால்தான் அதற்குப் பறக்க முடியும். விறைத்துக் கிடப்பதைப் படம் பிடித்துவிட்டு அழகு என்று எப்படிச் சொல்வது?

ஓடையோர ஈர மணலில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. நடுவே, ஆரஞ்சும் பழுப்பும் கலந்த சிறகில் கறுப்புக் கரை போட்ட ஒன்று. தமிழ் மறவன்! 2019-இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டவர் இவர்தான். ஆவலோடு ஓடினேன். அவ்வளவுதான், கூட்டம் முழுவதும் ஆகாயத்தில்!

இப்படி மூன்று தடவை ஏமாந்த பிறகு, சாலையோரத்தில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த பாட்டி சிரித்துவிட்டார்.

"ஏனுங் அம்மிணி, உங்க நெழலு அதுங்க மேல உளுகுதுல்லொ? அதான் பறக்குதுங்க. அந்தப் பக்கமா வந்து சித்தங்கூரம் பேசாம குத்த வெச்சு உக்காருங்க. அதுவா வரும்."

உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மணலில் உறிஞ்சுவது வெறும் தண்ணீர் அல்ல, உப்புச் சத்து. வருகிறவை பெரும்பாலும் ஆண்கள். சில இனங்களில் அந்த உப்பைப் பெண்ணுக்குக் கல்யாணச் சீராகக் கொடுக்கும் வழக்கமும் உண்டாம். முட்டைகளுக்கு அது ஊட்டம்.

அன்று நான் கற்ற பாடங்களை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நிழல் விழாத பக்கத்திலிருந்து தாழ்ந்து, மெள்ள நெருங்குங்கள். லென்ஸ், சிறகுக்கு நேர் எதிரே இருக்கட்டும். சாய்ந்தால் பாதிச் சிறகு மங்கிவிடும். கண் தெளிவாக விழ வேண்டும். ஷட்டர் வேகம் 500-இல் ஒரு விநாடிக்குக் குறையாமல் இருந்தால் ஆட்டம் தெரியாது. கைபேசியானால், ஜூம் செய்வதைவிட நாம் நெருங்குவதே மேல். சிறகின் மேல்புறம், அடிப்புறம் இரண்டையும் எடுங்கள். இனம் கண்டுபிடிக்க இரண்டும் உதவும்.

திரும்பும் வழியில் ஒரு கிலுகிலுப்பைச் செடியில் நீல வரியன் ஒன்று அகப்பட்டது. கறுப்பில் வெளிர்நீலக் கோடு போட்ட அழகன். ஆனால் பின்சிறகு இரண்டிலும் ஒரே இடத்தில் கிழிசல்!

இரவு படங்களைச் சரிபார்த்தபோதுதான் சோதனை வந்தது. இப்போதைய கருவிகளில் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், இல்லாத சிறகையும் ஒட்டவைத்துவிடும். பத்திரிகைக்குப் படம் பளிச்சென்று இருக்க வேண்டாமா? விரல் நீண்டுவிட்டது. சட்டென்று நிறுத்தினேன். இரு பக்கமும் ஒரே மாதிரி கிழிந்திருந்தால், சிறகை மூடி உட்கார்ந்திருந்தபோது ஏதோ பறவை கொத்தியிருக்கலாம். அதன் அலகிலிருந்து தப்பிய கதையை, அழகு என்ற பெயரில் நான் அழித்துவிடலாமா?

இன்னொன்றும் உண்டு. நீல வரியன்களும் அவற்றின் உறவினரும் யாத்திரைக்காரர்கள். கோடை முடிந்து தென்மேற்குப் பருவமழை வரும் சமயம் மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்குப் போகும். ஐப்பசியை ஒட்டி மறுபடி மேற்கே திரும்பும். எந்தத் தேதியில், எந்த ஊரில் பார்த்தோம் என்று ஜனங்கள் எடுத்து வைக்கும் படங்களும் அந்தப் பாதையை அறிய உதவுகின்றன. நாம் எடுப்பது வெறும் படமல்ல; சாட்சி.

ஆகவே, ஊரோடு படத்தைப் பகிர்ந்துகொள்ளுமுன் மூல படத்தைத் தொடாமல் பத்திரப்படுத்துங்கள். நகலில், உணர்கொம்பு வெட்டுப்படாமல் ஓரத்தைக் கத்தரிக்கலாம். வெளிச்சத்தைச் சற்றே கூட்டலாம். நிறத்தை மட்டும் மாற்றாதீர்கள், ஆள் அடையாளமே மாறிவிடும். நீளப் பக்கம் 2000 பிக்ஸல் இருந்தால் போதும். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறைந்து, கூடவே பதிந்திருக்கும் தேதி, இட விவரமும் போய்விடும், ஆவணமாக அனுப்புங்கள். தேதியையும் ஊரையும் கூடவே எழுதிவிடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் சேர்த்தால், விவரம் அறிந்தவர்கள் பெயர் சொல்ல உதவுவார்கள்.

கல்லாறு வரை போக ஒழியவில்லையா? கொல்லைக் கறிவேப்பிலையைப் பாருங்கள். இலை மேல் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருக்கிறதா? மருந்தடித்துவிடாதீர்கள். எலுமிச்சை அழகியின் குழந்தையாக இருக்கலாம் அது! வளர்ந்து பச்சைப் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, ஒரு காலையில் சிறகு விரிக்கும். நாலு இலை போனால் போகட்டும். இன்று ரசத்துக்குக் கொத்துமல்லி போதாதா?