மூடியில் ஒரு ஓட்டை

திண்டுக்கல்லில் பழநி ரோட்டுப் பட்டறை ஒன்றில் ஆயில் இன்ஜின் வேலை பழகப் போனபோது எனக்குப் பதினேழு வயது. முதல் ஆறு மாதம் ஸ்பேனர் கைக்கே வரவில்லை. மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவுவதும் டீ வாங்கி வருவதும்தான் வேலை. 1990இல் விவசாயிகள் எல்லாருக்கும் மின்சாரம் இலவசமான பிறகு கிணற்று மேட்டு இன்ஜின்கள் குறைந்துபோயின. ஆனாலும் இணைப்புக்குக் காத்திருந்தவர்களும் மும்முனைக் கரண்டை நம்பாதவர்களும் எங்களைத் தேடி வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

வருகிறவர் வாயில் பெரும்பாலும் ஒரே பேச்சு: "டீசல் இறங்கலைப்பா."

டேங்க் இன்ஜினுக்கு மேலே இருக்கும். டீசல் தன் எடையாலேயே கீழே இறங்கி, ஃபில்டர் வழியாகப் பம்புக்கும் அங்கிருந்து நாஸிலுக்கும் போகும். "டீசல் போற வழியிலேயே நீயும் போடா தம்பி, குறுக்கே புகாதே" என்பார் எனக்கு வேலை பழக்கிய பட்டறை அண்ணன். பம்பின் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் முதலில் நுரையாக வரும். குமிழி நின்று ஒரே கம்பியாக ஒழுகும்வரை பொறுத்து, பிறகு முடுக்க வேண்டும். அடுத்து ஹேண்டிலைப் போட்டுச் சுற்றும்போது நாஸில் 'கிர்க், கிர்க்' என்று பேச வேண்டும். பேசாவிட்டால் டீசல் போய்ச் சேரவில்லை. ஒருமுறை கழற்றிய நாஸிலின் முனையில் விரலை வைக்கப் போனேன். புறங்கையில் ஓங்கி அடித்தார். அங்கே டீசல் பீய்ச்சுவது 200 கிலோ அழுத்தத்தில். தோலைத் துளைத்து உள்ளே போய்விடுமாம்.

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு மல்லிகைத் தோட்டம். இன்ஜின் இருபது நிமிடம் நன்றாக ஓடும், பிறகு திணறி நின்றுவிடும். நான் தனியாகப் போய் ஃபில்டர் மாற்றி, ஏர் எடுத்து, ஓடவிட்டு வந்தேன். மறுநாளே ஆள் வந்துவிட்டது. மறுபடி போய் இன்னொரு ஃபில்டர் மாற்றினேன். மூன்றாம் முறை தோட்டக்காரர், "ஏப்பா, நான் பூப் பறிக்கிற காசெல்லாம் உங்க பட்டறைக்குத்தானா?" என்றார்.

அண்ணனே வந்தார். வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்தவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. இன்ஜின் திணறத் தொடங்கியதும் எழுந்துபோய் டேங்க் மூடியைத் திருகினார். 'புஸ்' என்றொரு சத்தம். இன்ஜின் மூச்சு வாங்கிக்கொண்டு பழையபடி ஓடியது.

மூடியில் காற்றுப் போக ஊசித்துளை ஒன்று இருக்கும். மழைத் தண்ணீர் இறங்காமலிருக்கத் தோட்டக்காரர் மூடிக்கடியில் பாலிதீன் தாளை மடித்து வைத்திருந்தார். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவில்லை. டேங்க் டீசலைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டது.

எனக்கு உறைத்தது வேறு. ஒவ்வொரு முறையும் டீசல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தவன் நான்தான். கோளாறு அந்த நொடியிலேயே தீர்ந்திருக்கிறது. நானோ ஃபில்டரால் சரியானதாக நினைத்து மூடியைப் பழையபடி இறுக்கிவிட்டு வந்திருக்கிறேன்.

அன்றைக்கு அண்ணன் கூலி வாங்கவில்லை. இரண்டு ஃபில்டருக்கும் உண்டான காசை என் வாரச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.