தானே சாத்தும் கதவு

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியாற் கோப்பாயைக் கடந்தால், செம்மண்ணில் வாழைத் தோட்டங்கள் செழித்த நீர்வேலி வந்துவிடும். அங்கே நண்பரொருவரின் வளவில், கோழிக்கூட்டுக் கதவொன்றைப் பார்க்கவே சென்றோம்.

அவ்வீட்டு ஆச்சிக்குப் பன்னிரண்டு கோழிகள். பொழுதுபட அவை தாமே கூடடைந்துவிடும். கதவைச் சாத்தத்தான் ஆள் வேண்டும். ஒரு நாள் தவறினாலும் மரநாய் புகுந்துவிடும். இதனால் ஆச்சி மகள் வீட்டில் இராத்தங்கி நெடுங்காலமாயிற்று.

உயர்தர வகுப்பிற் படிக்கும் பேரன் செய்த கருவி எளியது. மரச்சட்டப் பள்ளங்களில் ஏறியிறங்கும் தகரக் கதவு. அதைக் கயிற்றால் இழுக்கும் 12 வோல்ற்று மோட்டார். மேலும் கீழும் அதை நிறுத்த இரு ஆளிகள். ஒளி குறையத் தடை கூடும் சிறு உணரியே அதற்குக் கண். கார்த்திகை மழை இருட்டினால் நண்பகலிலும் அக்கண் ஏமாறுமன்றோ! ஆகவே மணிக்கூடும் இணைத்துள்ளான்: மாலை 5.30க்கு முன் கதவு அசையாது. இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல்தான். இலண்டனிலோ எட்டையும் தாண்டும். அங்கே ஒரே மணிக்கணக்கை நம்பினாற் கோழிகளின் பாடு திண்டாட்டந்தான்.

"கதவு சாத்தும், சரி. எண்ணிப் பாக்குமோ?" என்றார் ஆச்சி.

நாம் நின்ற மாலை பதினொரு கோழிகள் புகுந்தன, கதவு இறங்கிற்று. பன்னிரண்டாவது முருங்கையில் ஏறியிருந்தது. பொத்தானை அழுத்திக் கதவை உயர்த்தி, ஆச்சியே அதைப் பிடித்து உள்ளே விட்டார். மகள் வீட்டுப் பயணம் அடுத்த வெள்ளிக்கிழமையாம். ரோச் லைற்றைப் பேரனிடம் கொடுத்துவிட்டே புறப்படுவாராம்.